வளரும் குதிரைக்கு வின்டெக் 500: கல்லட் பிளேட் மாற்றும் சேணம் எவ்வளவு தூரம் உதவும்?

மூன்று வயதுக் குதிரைக்குச் சேணம் வாங்குவது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குச் சீருடை தைப்பது மாதிரி. ஜூனில் தைத்த கால்சட்டை தீபாவளிக்குள் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். துணியாக இருந்தால் அடிமடிப்பைப் பிரித்துவிடலாம். சாதாரணத் தோல் சேணத்தில் பிரிக்க மடிப்பு ஏதும் கிடையாது. உள்ளே இருக்கும் சட்டம் ஒரே அகலத்தில் இறுகி நிற்கும். ஆஸ்திரேலிய வின்டெக் நிறுவனத்தின் சிந்தெடிக் சேணங்கள், குறிப்பாக 500 வரிசை, அந்த மடிப்பைத் தருவதாகச் சொல்லித்தான் விற்கின்றன. முன்பக்கம் இருக்கும் உலோகத் தகடான கல்லட் பிளேட்டைக் கழற்றி, வேறு அகலத்தில் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். சொல்வது உண்மைதான். ஆனால் வளரும் குதிரையின் முதுகில் மாறுவது அகலம் மட்டுமா என்ற கேள்வியோடுதான் இந்தச் சேணத்தை எடைபோட வேண்டும்.

முதலில் குதிரை. பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டின் குட்டி ஆறு மாதத்தில் தன் முழு உயரத்தில் ஏறத்தாழ 83 சதவீதத்தையும், ஒரு வயதில் 90 சதவீதத்தையும், பதினெட்டு மாதத்தில் 95 சதவீதத்தையும் எட்டிவிடும். மிச்சம் ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். முழுவளர்ச்சியில் 160 செ.மீ. நிற்கப்போகும் குதிரைக்கு அது 8 செ.மீ. சேணத்தின் தலைவலி முழுவதும் அந்த 8 செ.மீட்டருக்குள்தான் இருக்கிறது, ஏனென்றால் அது முன்னும் பின்னும் சமமாக வருவதில்லை. பின்பக்கம் முதலில் ஏறும். விதர்ஸ் எனப்படும் தோள்மேடு சில வாரமோ சில மாதமோ கழித்து எட்டிப்பிடிக்கும். பிறகு மறுபடியும் பின்பக்கம். விதர்ஸைவிடப் புட்டம் இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்து நிற்கும் காலம் பெரும்பாலும் ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை வந்து வந்து போகும். சில குதிரைகளுக்கு ஐந்து வயதிலும் ஒரு சுற்று வரும்.

எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகள் மூடுவதிலும் வரிசை உண்டு. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பின் அடிமுனை ஒரு வயதுக்குள்ளேயே மூடிவிடும். முழங்காலுக்கு மேலே இருப்பது இரண்டு, இரண்டரை வயதுவாக்கில். முதுகெலும்புக் கண்ணிகள் எல்லாவற்றுக்கும் கடைசி, ஐந்தரை வயதைத் தாண்டியும் போகும். நாம் உட்காரும் இடம்தான் கடைசியாக முதிர்கிறது. கால் எக்ஸ்ரேயைக் காட்டி ‘தட்டு மூடிவிட்டது, ஏறலாம்’ என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புட்டம் உயர்ந்த குதிரையின் நடையைக் கவனித்தால் சேணத்தின் சிக்கலும் புரிந்துவிடும். சமமாக நிற்கும் குதிரையே தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்புறம் உயர்ந்தால் அது இன்னும் கூடும். நேற்றுவரை 20 மீட்டர் வட்டத்தில் ஒழுங்காக ஓடியது இன்று வட்டத்துக்குள் தோளைச் சாய்த்து விழும், கடிவாளத்தில் தொங்கும், டிராட் என்ற நடுவேக ஓட்டத்தில் கட்டுமீறி ஓட்டம் பிடிக்கும், கேன்டர் என்ற பாய்ச்சல் ஓட்டத்தில் முன்கால் ஒரு பக்கமும் பின்கால் மறுபக்கமுமாக மாற்றிப் போடும். சமதரையில் கால் இடறும். சேட்டை என்று நினைத்துச் சாட்டையை எடுப்பது வீண். ஒன்று மட்டும்: சேணத்தின் மேல் பழியைப் போடும் முன் வாயைத் திறந்து பாருங்கள். இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் முன்வரிசைப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். கடைவாய்ப் பற்களின் மேல் மூடிபோல் ஒட்டியிருக்கும் பால்பற்களும் இதே காலத்தில்தான் கழன்று விழும். தலையை ஆட்டுவதற்கும் கடிவாளத்தோடு சண்டை போடுவதற்கும் பாதிக் காரணம் அங்கேதான் கிடக்கும்.

இனி சேணம். வின்டெக் 500-இன் சட்டம் ஓரளவு வளையும் பாலிமரால் ஆனது. முன் வளைவில் பிளேட் திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். பிளேட்டுகளுக்கு நிறக்குறி உண்டு: குறுகலானது மஞ்சள், மீடியம்-நாரோ பச்சை, மீடியம் கறுப்பு, மீடியம்-வைட் நீலம், வைட் சிவப்பு, எக்ஸ்ட்ரா-வைட் வெள்ளை. கூடவே தனியாக விற்கும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று இருக்கிறது. தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் அதைக் கவிழ்த்து விரித்தால் எந்த நிறம் என்று காட்டும். அளவுகோல் சொல்வதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே இடத்தின் கோணத்தைத்தான் படிக்கிறது. அதற்கு ஒரு கையகலம் பின்னால் முதுகு எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

மாற்றும் வேலை எளிது. சேணத்தை மேசையில் ஒரு துண்டு விரித்துக் கவிழ்த்து வைக்கவும். முன்பக்கம், குதிரையின் முதுகில் படும் அடிமெத்தையான பேனலைப் பிடித்திருக்கும் பட்டிகளை விடுவித்து, பேனலின் பைகளைச் சட்டத்தின் முனைகளிலிருந்து உருவினால் பிளேட் தெரியும். திருகுகளைக் கைத்திருப்புளியால் கழற்றுங்கள். மின்திருப்புளி வேண்டாம், திருகின் தலை தேய்ந்துவிட்டால் அந்தச் சேணத்துக்கு இனி ஒரே அளவுதான். புதிய பிளேட்டைப் பழையது இருந்த திசையிலேயே வைத்து, எல்லாத் திருகுகளையும் பாதி இறுக்கிய பிறகு முழுதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கினால் பிளேட் ஒரு நூலளவு சாய்ந்து உட்காரும். குதிரையின் மேல் சேணம் ஒரு பக்கம் இழுப்பதற்கு இது ஒரு காரணம், பலர் குதிரையைச் சந்தேகிப்பார்கள். பேனல் பைகளைத் திரும்ப மாட்டும்போது உள்ளே மடிப்பு விழாமல் விரலால் தடவிப் பாருங்கள். முதல் தடவை அரை மணி ஆகும், பழகினால் பத்து நிமிடம்.

சரியாக உட்கார்ந்ததா என்பதைத் துணியோ பேடோ இல்லாமல்தான் பார்க்க வேண்டும். சேணத்தை விதர்ஸின் மேல் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்குத் தள்ளினால், ஒரு இடத்தில் தானாக நிற்கும். சட்டத்தின் முனைகள் தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்க வேண்டும். முன் வளைவுக்கும் விதர்ஸுக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி. இருக்கையில் ஒரு சுண்ணாம்புக்கட்டியை வைத்தால் அது நடுவில் நிற்க வேண்டும். முன்னே உருண்டால் பிளேட் அகலம் கூடிவிட்டது, பின்னே உருண்டால் குறுகிவிட்டது. முதுகெலும்பின் மேல் ஓடும் கால்வாய் முழுநீளத்துக்கும் மூன்று நான்கு விரல் அகலம் வேண்டும். பேனலின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குட்டையான இளம் முதுகில் பலர் தோற்பது இந்தக் கடைசிச் சோதனையில்தான். இருக்கை 17 அங்குலமா 17.5 அங்குலமா என்பது நம் தொடைக்கான அளவு, குதிரைக்கு எண்ண வேண்டியது பேனல் தொடும் நீளம். பிறகு மார்புக்கு அடியில் சேணத்தைக் கட்டும் வாரை இறுக்கி ஒரு தடவை, ஆள் ஏறி ஒரு தடவை, இருபது நிமிடம் வேலை செய்த பின் வியர்வைத் தடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். சுற்றிலும் ஈரமாக, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே ஒன்று அழுத்தம் அதிகம், அல்லது தொடவே இல்லை. கையை வைத்து அழுத்தினால் குதிரை முதுகைத் தாழ்த்துகிறதா என்பதிலிருந்து எது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சேணத்தை வாங்கியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. அது பிளேட் இருப்பதால்தான் சாத்தியமாகிறது. புட்டம் உயர்ந்த குதிரையில் சேணம் முன்னே சரிகிறது, முன்வளைவு தாழ்கிறது, ஏறியவர் குதிரையின் கழுத்தின் மேல் விழுவதுபோல உட்காருகிறார். உடனே கறுப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டுகிறார்கள். முன்பக்கம் எழும்பிவிடும், இருக்கை சமமாகிவிடும், பார்வைக்கு எல்லாம் சரி. உள்ளே நடப்பது வேறு. குறுகிய முனைகள் தோள்பட்டைக்குப் பின்னுள்ள ட்ரபீசியஸ் தசையைக் கவ்வுகின்றன. முன்னங்கால் நீளும் ஒவ்வொரு அடியிலும் தோள்பட்டையின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சுழன்று அந்த முனைகளின் அடியில் போய் இடிக்கிறது. தசை இளைத்துக் குழி விழுகிறது. குழி விழுந்ததும் அளவுகோல் இன்னும் குறுகலான நிறத்தைக் காட்டுகிறது. அடுத்து மஞ்சள். சில மாதங்களில் விதர்ஸின் இருபுறமும் வெள்ளை முடி முளைத்துவிடும், அது திரும்ப நிறம் மாறுவது அரிது. குதிரை இளைத்து இயல்பாகக் குறுகியதா, சேணம் கவ்விக் குறுகியதா என்று பிரித்துச் சொல்லும் வேலையை எந்தப் பிளேட்டும் செய்யாது.

முன்னால் தாழும் இளம் குதிரைக்கு விடை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. தோளுக்கு இடம் விடும் அகலத்தில் பிளேட்டை வைத்துவிட்டு, முன்பக்கத்தை ரைசர் எனப்படும் உயர்த்தும் துண்டால் அல்லது பைகள் உள்ள பேடில் செருகும் மெல்லிய தகடுகளால் தூக்க வேண்டும். வின்டெக் தரும் ரைசர் துண்டுகள் பேனலுக்குள்ளேயே போவதால் வெளிப்பேடைவிட நகர்வு குறைவு. இந்த விலையில் அது நல்ல வசதி. ஆனால் ரைசருக்கும் இடம் வேண்டும். பிளேட் ஏற்கெனவே பொருத்தமாக இருக்கும்போது உள்ளே துண்டைச் செருகினால், இறுக்கமான செருப்புக்குள் இரண்டு காலுறை போட்ட கதைதான். ஒரு அளவு அகலமாக்கிவிட்டுச் செருகுங்கள். விதர்ஸ் எட்டிப்பிடித்த வாரத்தில் துண்டை எடுத்துவிட வேண்டும். அதை அப்படியே மறந்துவிட்டால் சேணம் பின்னால் சாய்ந்து, ஏறியவரின் எடை இடுப்புப் பக்கம் போய்விடும்.

பிளேட் எந்தத் திசையில் மாறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. வளர வளர அகலம்தான் கூடும் என்று நினைத்துப் பெரிய பிளேட்டுகளை மட்டும் வாங்கி வைப்பவர்கள் உண்டு. புல்லில் உருண்டு திரண்ட மூன்று வயதுக் குதிரை நீலத்தில் தொடங்கி, விதர்ஸ் எழும்பியதும் கறுப்புக்கு இறங்கி, ஐந்து வயதில் முதுகுத்தசை வந்ததும் மறுபடி நீலத்துக்கு வரலாம். பந்தயத் திடல்களிலிருந்து சவாரிப் பள்ளிகளுக்கு வரும் நான்கு, ஐந்து வயதுத் தரோபிரெட்டுகளில் இது தலைகீழாக நடக்கும். வரும்போது விதர்ஸ் கத்திபோல உயர்ந்து, தோளுக்குப் பின்னால் குழி. பச்சைதான் பொருந்தும். ஆறு மாத ஓய்வும் சரியான தீனியும் கிடைத்தால் அதே குதிரைக்குக் கறுப்புகூடப் பிடிக்கும். ஆகவே இப்போது பொருந்தும் அளவோடு அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என மூன்று பிளேட் கையில் இருப்பது நல்லது. மொத்த விலையில் அது சிறிய பங்குதான்.

எப்போது மாற்றுவது? கண்ணளவை நம்பாதீர்கள். வரைவதற்கு வளைந்து நிற்கும் ரப்பர் அளவுகோல் (60 செ.மீ. உள்ளது போதும்) ஒன்று வாங்கி, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மூன்று இடத்தில் முதுகின் வடிவத்தை எடுங்கள்: தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால், அங்கிருந்து ஒரு சாண் பின்னால், கடைசி விலாவில். நான்காவதாக, விதர்ஸ் முதல் கடைசி விலா வரை முதுகின் மேல்கோடு. குதிரை சமதரையில் நான்கு காலும் சதுரமாக, தலை இயல்பான உயரத்தில் நிற்க வேண்டும். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் கையில் புல்லைக் காட்டித் தலையைத் தாழ்த்தினால் விதர்ஸ் வடிவமே மாறிவிடும். ஒரே அட்டையில் ஒவ்வொரு மாதமும் வேறு நிறப் பேனாவால் வரைந்து தேதி போட்டால் வளர்ச்சி தானே தெரியும். உயரம் அளக்கும் கோலால் விதர்ஸ் உயரத்தையும் புட்டத்தின் உயரத்தையும் பக்கத்தில் குறிக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாதத்தில் ஒரு செ.மீட்டருக்கு மேல் மாறினால் அந்த வாரம் பிளேட்டை மட்டுமல்ல, வேலையையும் மாற்ற வேண்டும்: சிறிய வட்டங்களும் நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடும் லஞ்சிங்கை நெடுநேரம் செய்வதும் வேண்டாம், நேர்க்கோட்டு நடை, மென்மையான மேடுபள்ளம், இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடுதல்.

எடைக்கணக்கும் இங்கேதான் சொல்லவேண்டும். ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரை எடையில் 20 சதவீதம் என்பது வளர்ந்த, வேலைக்குப் பழகிய குதிரைக்கான வரம்பு. முதுகு முதிராத குதிரைக்கு 15 சதவீதத்தில் நிறுத்துவது எங்கள் கருத்து. எடைமேடை இல்லாத லாயத்தில் மார்புச் சுற்றளவை (செ.மீ.) அதாலேயே பெருக்கி, தோள்முனை முதல் புட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் ஏறத்தாழ எடை வரும். 420 கிலோ குதிரைக்கு 15 சதவீதம் 63 கிலோ. சேணத்தைக் கழித்துப் பார்த்தால் யார் ஏறலாம் என்ற பட்டியல் குறுகிவிடும்.

சேணம் முன்னே ஓடுவதற்குப் பிளேட்டைவிடப் பெரிய காரணம் பல சமயம் வார்தான். இளம் குதிரையின் மார்பில் வார் தானாகப் போய் விழும் பள்ளம் முழங்கைக்கு மிக அருகில் இருக்கும். விலாக்கூடு இன்னும் விரியாததால் பின்னால் அகன்று முன்னால் ஒடுங்கும். வார் அந்தப் பள்ளத்துக்கு இழுக்க, சேணம் கூடவே தோளின் மேல் ஏறும். வாரை மாட்டச் சேணத்திலிருந்து தொங்கும் பட்டைகளில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் முதல் பட்டையைப் பயன்படுத்தினால் இழுப்புக் கோணம் மாறிச் சேணம் பின்னாலேயே நிற்கும். நடுவில் முன்னோக்கி வளைந்த வார் இன்னும் நல்லது. குதிரையின் மேல் வழுக்கும் சிந்தெடிக் பேனலில் இந்த ஓட்டம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

குறைகளுக்கு வருவோம். பிளேட்டுகள் எல்லாம் ஒரே குடும்பம். கோணம் விரிகிறது, வளைவின் வடிவம் மாறுவதில்லை. சட்டத்தின் நடுப்பகுதியும் பின்பகுதியும் அப்படியே. மேசைபோல் தட்டையான, விதர்ஸே தெரியாத முதுகுக்கு வெள்ளைப் பிளேட் போட்டாலும் பேனல் முழுநீளத்துக்கும் சமமாகத் தொடாது. அத்தகைய குதிரைக்கு வின்டெக்கிலேயே தனியாக இருக்கும் வைட் வரிசையைப் பாருங்கள். கேர் எனப்படும் காற்றுப்பை பேனலும் விவாதத்துக்குரியது. பஞ்சை அடிக்கடி நிரப்பத் தேவையில்லை என்பது சேணம் பொருத்தத் தெரிந்தவர்கள் அரிதாக இருக்கும் நம் ஊர்களுக்கு வசதிதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் குறைந்திருக்கும் முதுகுக்குக் கம்பளிப் பஞ்சு பேனலில் ஒரு பிடி கூட்டி, ஒரு பிடி எடுத்துச் செய்யும் நுண்ணிய சரிசெய்தல் இதில் நடக்காது. பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பெரிது. அப்போது பெரிய பக்கத்துக்குப் பிளேட்டைப் பொருத்தி, சிறிய பக்கத்தை மெல்லிய துண்டால் நிரப்புவதே வழி. பை குத்துப்பட்டால் தையல் போட முடியாது.

இங்கிலாந்தின் தோரோகுட் சேணங்களிலும் பிளேட் மாற்றலாம். அங்கே கம்பளிப் பஞ்சு பேனல். உயர்ந்த விதர்ஸுக்கும் அகன்ற முதுகுக்கும் சட்ட வடிவமே தனித்தனி. பஞ்சு சரிசெய்பவர் வருடம் இரண்டு தடவை வரக்கூடிய இடத்தில் இருந்தால் நாங்கள் அதைத்தான் சொல்வோம். சட்டமே இல்லாத ட்ரீலெஸ் சேணம் எந்த வடிவத்துக்கும் ஒத்துப்போகும் என்பது பாதி உண்மை. அங்கவடியில் எழுந்து நிற்கும்போது எடை முழுவதும் அங்கவடி வார்கள் தொங்கும் இரண்டு இடங்களில் இறங்கும். முதல் சில மாத நடைக்குச் சரி, தாவலுக்கு வேண்டாம். கான்பூரின் தோல் சேணம் மலிவு, உழைக்கும், ஆனால் அளவு மாற்ற முடியாத சட்டமாயின் வளரும் குதிரைக்கு வருடத்துக்கு ஒன்று வாங்கவேண்டி வரும். குதிரையின் முதுகுக்கென்றே தைத்த விலையுயர்ந்த தோல் சேணத்தை ஏழு வயதுவரை ஒத்திப்போடுங்கள். நாலு வயதில் தைத்தது ஐந்து வயதில் அலமாரிக்குப் போகும்.

சென்னை, புதுச்சேரி பக்கத்து ஈரப்பதத்தில் வின்டெக்குக்கு ஒரு கூடுதல் மதிப்பெண். ஐப்பசி, கார்த்திகையில் தோல் சேணம் ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும். இதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிழலில் உலரவிட்டால் போதும். வியர்வை உப்பு திருகுகளில் தேங்காமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளேட்டை வெளியே எடுத்துத் துடையுங்கள். அளவெடுக்கும் நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

பழையதாக வாங்குபவர்கள் கையில் ஒரு திருப்புளியோடு போங்கள். உள்ளே எந்த நிறம் என்று கழற்றிப் பாருங்கள், விற்பவரின் வாய்ச்சொல் வேண்டாம். திருகின் மரை கடிக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். முன்வளைவை வயிற்றில் அணைத்துப் பின்விளிம்பைத் தன் பக்கம் இழுத்தால் சட்டம் லேசாக வளைவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் வளைந்தாலோ கிரீச் என்றாலோ சட்டம் உடைந்திருக்கிறது. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் வலது, இடது பேனலை ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் அழுத்துங்கள். ஒன்று மெத்தென்றும் மற்றது சப்பென்றும் இருந்தால் காற்றுப்பை போய்விட்டது, விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.